கோட்டின் மேலே நடக்கும் தவறு

ஆசிரியருக்கு,

ஆர்க்கிடெக்ட், பொறியாளர் இருவரின் எல்லையையும் சட்டம் வரையறுக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். கோடு கிழிப்பது சரி. ஆனால் விபரீதம் நடப்பதே அந்தக் கோட்டின் மேல்தான். 1981-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலுக்குள் இருந்த நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தது, அவற்றைத் தாங்கிய தொங்குகம்பிகளின் இணைப்பு மாற்றப்பட்ட பிறகு அதை யாரும் மறுபடி கணக்கிடாததால். நான் மேற்பார்வை பார்த்த வீடொன்றில், கூடம் அகலமாகத் தெரியட்டும் என்று ஆர்க்கிடெக்டின் வரைபடத்தில் ஒரு தூணை இரண்டடி நகர்த்தினார்கள். தூணுக்குள் கம்பி எப்படி வர வேண்டும் என்று காட்டும் பொறியாளரின் படம் பழையபடியே இருந்தது. கம்பி கட்டுபவர் "எந்தப் படம் சார் சரி?" என்று கேட்டதால் தப்பித்தோம்.

தூண், உத்தரம், படிக்கட்டைத் தொடும் எந்த மாற்றமானாலும், இருவரும் ஒரே படத்தில் தேதியிட்டுக் கையெழுத்திட்ட பிறகே கான்கிரீட் போட வேண்டும் என விதி வரட்டும்.

– ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்