கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: 2023–24 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, ஊர்ப் பெரியோர்களே, வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது சீமைக்கருவேலம்தான்.

கண்மாய் உள்வாயிலும் (நீர் தேங்கும் இடம்) வரத்துக்காலிலும் (நீர் வரும் வாய்க்கால்) நிற்கும் மரங்களை எடுப்பது பற்றி வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டோம். எல்லாரும் ‘எடுங்கள்’ என்பார்கள் என்றுதான் கிளம்பினோம். மடையை நம்பி நெல் போடுபவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு அடுப்புக்கரி எடுப்பவர்களும் விறகு வெட்டப் போகும் பெண்களும், “மழை பொய்த்த வருசத்தில் எங்களுக்குச் சோறு போட்டது எது?” என்று கேட்டார்கள். ஆட்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் பேசினார்கள். கோடையில் அதன் நெற்றுதான் ஆட்டுக்குத் தீவனம். அந்த ஆட்டுப் புழுக்கையில்தான் விதையும் பரவுகிறது என்பதை அவர்களும் சொல்லவில்லை, நாமும் கிளறவில்லை.

நீதிமன்றத்திலும் இதே இழுபறிதான். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மாவட்டமெங்கும் மரங்கள் வீழ்ந்தன; ஏப்ரலில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. 2022-ல் தமிழக அரசு, சீமைக்கருவேலம் போன்ற அயல் தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டது.

இளைஞர்களின் பேச்சு வேறு திசையில் போனது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்ததிலிருந்து, மானாவாரி நிலத்தை நல்ல விலைக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நம் பக்கத்து குண்டு மிளகாயான ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைச் சொன்னோம். “மழைக்கும் குறியீடு உண்டா?” என்றார் ஒரு தம்பி. பதில் சொல்ல முடியவில்லை.

மரத்தை ஏலத்தில் எடுப்பவர் தரைமட்டத்தில் அறுத்துக்கொண்டு போகிறார். தூர், அதாவது வேரோடு கூடிய அடிக்கட்டை, கிடக்கிறது, அடுத்த மழைக்குத் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது. மரம் வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் இதில் லாபமில்லை. எனவே தூர் தோண்டுவதை ஏல நிபந்தனையில் சேர்க்க வேண்டும், அந்த வேலையைக் கரிமூட்டத் தொழிலாளர்களுக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்று மனு அளித்தோம். பட்டா நிலத்து மரம் அவரவர் விருப்பம். அதில் சங்கம் தலையிடாது. இந்த முடிவில் உடன்படாத உறுப்பினர்களின் மறுப்பும் தீர்மானப் பதிவேட்டில் உள்ளது.

மனுவுக்கு இதுவரை பதில் இல்லை. நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. நினைவூட்டுக் கடிதத்தில் கையெழுத்திட விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்