செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கடை நடத்தும் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஒழுங்காகக் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொங்கல் ஒன்றுகூடல் சிறப்பாக நடந்தது. பாலையும் பாணையும் கூட்டாகக் கொள்வனவு செய்யும் முயற்சி பாதியில் நிற்கிறது. வரும் ஆண்டில் தொடர வேண்டும். இவை தவிர, சங்கத்தின் நேரமெல்லாம் ஒரே விடயத்துக்குத்தான் போனது. அது சிறுகடைகள் குடிவகை விற்பதற்கான லைசென்ஸ் பற்றிக் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) எடுத்த முடிவுகள்.

புதிய அங்கத்தவர்களுக்காகச் சிறு விளக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முன்பு நீதவான்கள் கொடுத்துவந்த இந்த லைசென்ஸ், 2003ஆம் ஆண்டுச் சட்டம் 2005 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது கவுன்சில்களின் கைக்கு மாறியது. விண்ணப்பித்ததும் கடை வாசலில் நீல நிற அறிவித்தல் ஒட்ட வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும், 28 நாள் காத்திருக்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் கவுன்சில் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். பொலிஸாரோ அயலவர்களோ ஆட்சேபித்தால் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட குழு விசாரிக்கும். குற்றத்தைத் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லையைத் தவிர்த்தல், சிறுவர்களைக் காத்தல் ஆகிய நான்கு நோக்கங்களுக்கு உட்பட்டே அவர்கள் முடிவெடுக்கலாம். "இந்தத் தெருவில் இன்னொரு கடை தேவையா?" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ஆனால் கடைகள் ஒரே இடத்தில் குவிந்ததால் தொல்லை கூடியிருக்கிறது என்று கவுன்சில் ஆதாரத்துடன் மதிப்பீடு வெளியிட்ட பகுதியாக இருந்தால் நிலைமை வேறு. எமது பிரதான வீதியின் ஸ்டேஷன் பக்கம் அப்படிப்பட்ட பகுதிக்குள் வருகிறது. அங்கே புதிதாகக் கடை எடுக்க நினைப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த ஆண்டு எனக்கு மிகுந்த கவலை தந்தது கவுன்சில் மறுத்த விண்ணப்பங்களைவிட, நம்மவர்கள் வாசிக்காமல் கையெழுத்திட்ட விண்ணப்பங்கள்தான். முகவர் ஒருவரிடம் காசைக் கொடுத்துவிட்டு லைசென்ஸ் வரட்டும் என்று இருந்துவிடுகிறோம். அவரோ முன்பு யாருக்கோ எழுதியதை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்புகிறார். விண்ணப்பத்தில் நாம் செய்வோம் என்று எழுதிக்கொடுப்பது லைசென்ஸின் நிபந்தனையாகிவிடும். அதை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது உச்சவரம்பில்லாத தண்டம், அல்லது இரண்டும். பாலும் பத்திரிகையும் விற்கும் ஓர் அங்கத்தவரின் லைசென்ஸில், வெள்ளி, சனி இரவுகளில் வாசலில் இரண்டு காவலாளிகள் நிற்க வேண்டும் என்று இருந்தது. இரவு விடுதிக்கு எழுதியது! பொலிஸார் சோதனைக்கு வந்தபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. 89 பவுண் கட்டிச் சிறு திருத்தத்துக்கு விண்ணப்பித்து அதை நீக்கினோம். சோதனைக்கு வந்த அதிகாரி கடுமையானவராக இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

இதற்கு மாறான ஒரு விசாரணையையும் சொல்ல வேண்டும். பாடசாலைக்கு அருகே கடை எடுத்த ஒரு கணவனும் மனைவியும் இரவு பதினொரு மணிவரை குடிவகை விற்க விண்ணப்பித்தார்கள். அயலவர்கள் பலர் ஆட்சேபித்தார்கள். பூங்கா வாங்கில் காலையிலிருந்தே குடிக்கிறார்கள், ஒழுங்கையில் சிறுநீர் கழிக்கிறார்கள், பிள்ளைகளை அந்த வழியால் கூட்டிப்போக முடியவில்லை என்று ஒரு தாய் விசாரணையில் எழுந்து சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கும் அது தெரியும். தலைமை தாங்கிய கவுன்சிலர், "இதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று நேரே கேட்டார். முகவர் வாய் திறப்பதற்குள் மனைவி பதில் சொல்லத் தொடங்கினார். தாங்கள் முன்பு வேலை செய்த கடையில் விற்க மறுத்ததை எழுதிவைத்த புத்தகத்தின் பிரதியை முன்னே வைத்தார். திகதி, நேரம், என்ன கேட்டார், ஏன் கொடுக்கவில்லை, எல்லாம் அவர் கையெழுத்தில். "ஏற்கெனவே வெறியில் இருந்தார்" என்ற காரணம் திரும்பத் திரும்ப வந்தது. 6.5 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள பியரும் சைடரும் வைக்க மாட்டோம், தனி டின் விற்க மாட்டோம், கமராப் பதிவை 31 நாள் வைத்திருப்போம் என்று அவரே சொன்னார். குழு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, இரவு ஒன்பது மணிவரை என்று லைசென்ஸ் கொடுத்தது. இரண்டு மணி நேரம் போய்விட்டதே என்று சிலர் குறைப்பட்டார்கள். என் கருத்தில் அது நியாயமான முடிவு. அந்தத் தாய் இப்போது அந்தக் கடையில்தான் பால் வாங்குகிறார்.

எல்லா முடிவுகளும் அப்படி நியாயமாக இருக்கவில்லை. இன்னொரு கடைக்குப் பொலிஸார் எந்த ஆட்சேபனையும் சொல்லாதபோது, "தொல்லை வரக்கூடும்" என்ற அச்சத்தை மட்டும் வைத்து நேரத்தைக் குறைத்தார்கள். வெறும் ஊகத்தின்மேல் இப்படிக் கட்டுப்பாடு விதிக்க முடியாது என்பதை 2008இல் உயர் நீதிமன்றம் தானியல் த்வைட்ஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த அங்கத்தவர் 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்திருக்கலாம். சட்டத்தரணிக்கு ஆகும் செலவுக்குப் பயந்து விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேன்முறையீட்டிலும் கவுன்சிலின் முடிவு பிழை என்று நிறுவும் பொறுப்பு நம்முடையதே. ஆகவே பேச வேண்டியதை முதல் விசாரணையிலேயே பேசிவிட வேண்டும்.

ஓர் அங்கத்தவரின் கடையில், பகுதிநேரமாக நின்ற மாணவர் அடையாள அட்டை கேட்காமல், அதிகாரிகள் அனுப்பிய பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு வைன் விற்றுவிட்டார். மூன்று மாதத்துக்குள் இரண்டாவது தடவை. கவுன்சில் நடத்திய மீளாய்வில் லைசென்ஸ் இடைநிறுத்தப்பட்டது. சங்கம் அந்த முடிவை எதிர்த்து வாதாடவில்லை. பிள்ளைக்குக் குடிவகை விற்ற கடைக்காகப் பரிந்து பேச இந்தச் சங்கம் உருவாகவில்லை. ஊழியர்களைப் பயிற்றுவிக்க மட்டும் உதவினோம்.

கார்த்திகையில் எம் மூத்த அங்கத்தவர் ஒருவர் காலமானார். அன்னாருக்கு எமது அஞ்சலிகள். லைசென்ஸ் அவர் பெயரிலேயே இருந்தது. பெயருக்குரியவர் இறந்தவுடன் லைசென்ஸும் செயலிழந்துவிடும் என்பது குடும்பத்தினருக்குத் தெரியாது. அந்தியேட்டி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 28 நாளுக்குள், லைசென்ஸைத் தற்காலிகமாகத் தொடரவைக்கும் இடைக்கால அறிவித்தலோ பெயர்மாற்ற விண்ணப்பமோ கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டணம் 23 பவுண்தான். உபதலைவர் செத்தவீட்டுக்குப் போன இடத்தில் மகளிடம் மெல்ல விசாரித்ததால் கடை தப்பியது. லைசென்ஸை நிறுவனத்தின் பெயரில் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: நிறுவனம் கலைக்கப்பட்டாலும் இதே கதிதான். வருடக் கட்டணம் கட்டாவிட்டால் கவுன்சில் லைசென்ஸை இடைநிறுத்தியே ஆக வேண்டும். நமது கடைகள் பெரும்பாலானவற்றுக்கு அது 180 பவுண்.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒவ்வோர் அங்கத்தவரும் தமது லைசென்ஸின் பிரதியைச் சங்கத்திடம் தர வேண்டும். நிபந்தனைகளைத் தமிழில் விளக்கி எழுதித் தருவோம். அயலவர் சங்கங்களுடன் ஆண்டுக்கு இரு தடவை கூடிப் பேச வேண்டும். முதற் கூட்டத்துக்கு மண்டபம் தரக் கோவில் நிர்வாகம் சம்மதித்திருக்கிறது.

விசாரணைகளுக்குத் தம் கடையைப் பூட்டிவிட்டு வந்து துணை நின்ற அங்கத்தவர்களுக்கும், கட்டணம் வாங்காமல் கடிதங்களைத் திருத்தித் தந்த இளம் சட்டத்தரணிக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்