தொற்றுத் தேடலில் நேரத்தை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொற்றுநோய்ப் பேச்சு எழும்போதெல்லாம், கிருமி யாருக்குப் பரவியிருக்கும் என்று கண்டறிய, யார் யாருடன் பழகினார் என்று ஒரு படம் வரைந்துவிட்டால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். நேரம் குறிக்காத அந்தப் படம் தவறான ஆளை வீட்டில் பூட்டி வைக்கும்.

திங்கட்கிழமை பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் குமாரும் மாலாவும் ஒரே மேசையில். வியாழக்கிழமை எல்ஆர்டி ரயிலில் மாலாவும் ரவியும் அருகருகே. குமாரிடமிருந்த கிருமி மாலா வழியாக ரவிக்குப் போகலாம். ரவியுடையது மாலா வழியாகக் குமாருக்குப் போக வழியே இல்லை. இதே இரண்டு சந்திப்பும் ஒரே காலையில் நடந்திருந்தால் ரவிக்கும் போயிருக்காது, ஏனெனில் கிருமி மாலாவின் உடலில் பெருக நாள் வேண்டும். அந்தக் காத்திருப்பையும் தொற்றுச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கூட்ட வேண்டும்.

இதை விரைவாகத் தேடுவதுதான் கடினம். ஒரு லட்சம் பேரின் இருப்பிடம் 5 விநாடிக்கொரு முறை பதிவானால் நாளொன்றுக்கு 172 கோடியே 80 லட்சம் பதிவுகள். எல்லோரையும் எல்லோருடனும் ஒப்பிட்டால் ஒரு தடவைக்கே ஏறக்குறைய 500 கோடி ஜோடிகள். எனவே நகரத்தைக் கட்டங்களாகவும் நாளை நேரத் துண்டுகளாகவும் பிரித்துச் சேமிக்க வேண்டும். தேடல் நோயாளியிடம் தொடங்கி, நேரத்தில் முன்னோக்கி மட்டும் நகர்ந்து, அவர் இருந்த கட்டத்தையும் அதை ஒட்டியவற்றையும் மட்டும் திறக்கும். ஒட்டிய கட்டங்களை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை: கோட்டின் இருபுறமும் அரை மீட்டரில் நிற்பவர்கள் சந்திக்காதவர்களாகிவிடுவார்கள். கட்டம் மிகச் சிறிதானால் கணினியின் சேமிப்பு வட்டை ஓயாமல் வாசிக்க நேரும். பெரிதானால் சம்பந்தமில்லாதவர்களின் பதிவெல்லாம் வந்து குவியும். மாதிரித் தரவில் ஓட்டிப் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் கட்டம் மட்டும் உதவாது. 500 பேர் நெருக்கி நின்றால் ஜோடிகள் 124,750. அவர்களை ஒரே குழுவாக எழுதினால் 500 பெயர்கள்தான். அடுத்த நேரத் துண்டிலும் குழு மாறாவிட்டால் முடிவு நேரத்தை நீட்டினால் போதும். ஆனால் குழுவில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்ததாக இம்முறை கொள்ளும். அது மிகைக் கணக்கு. ஆகவே கிருமி ஒருவரை ‘எட்டாது’ என்று குழுக் கணக்கு சொன்னால் அப்படியே ஏற்கலாம். ‘எட்டும்’ என்றால் தூரம், நின்ற நிமிடங்கள், காத்திருப்பு நாள் மூன்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இத்தனையும் பதிவு சரியாக இருந்தால்தான். மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்தின் நிலத்தடி நடைமேடையில் ஜிபிஎஸ் எடுபடாது. புளூடூத் அலையை இடையில் நிற்பவரின் உடலே தடுக்கும். கடைவாசலில் கியூஆர் ஸ்கேன் செய்து உள்ளே போகும் நேரத்தை மட்டும் வைத்தால், காலை 10 மணிக்கு வந்தவரும் 10.40க்கு வந்தவரும் சந்தித்தார்களா என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. அடுத்த தொற்றுத் தேடல் செயலியை வடிவமைப்பவர்கள் வெளியேறும் நேரத்தையும் முதல் நாளிலிருந்தே பதிவு செய்ய வேண்டும்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்