உடையைச் சுவரில் மாட்டி மதிப்பெண் போடாதீர்கள்

நெசவுக் கண்காட்சித் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். உடைப் பிரிவுக்கு வந்த டேபஸ்ட்ரி கோட்டுகளை (வண்ண நூலால் உருவத்தைத் தறியிலேயே நெய்தவை) இந்த முறையும் கைகளுக்குள் கம்பைச் செருகிச் சுவரில் விரித்து மாட்டினீர்கள். மதிப்பெண்ணும் அப்படியே போட்டீர்கள். ஓர் ஆள் உடுத்தி நடக்கட்டும், அதைப் பார்த்து மதிப்பிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

“பாவு தெரிகிறது”, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழை வெளியே தெரிகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு குறிப்பு. சுவர்த்திரைக்கு அது குறைதான். தடித்த பருத்திப் பாவை அங்குலத்துக்கு 8 இழை வைத்து, குறுக்கே ஓடும் ஊடை நூலை இறுக அடித்தால் பாவு முழுக்க மறையும். அந்தத் துணியில் கோட்டு தைத்தால் தோளில் அட்டை மாதிரி நிற்கும், முழங்கை மடங்காது. அதனால்தான் உடைக்கு மெல்லிய கம்பளிப் பாவை 12, 14 என்று வைத்து, ஊடையையும் மெலிதாக்கி, அடிப்பதையும் தளர்த்துகிறார்கள். பாவு லேசாகத் தெரியத்தான் செய்யும்.

“நிறம் சேருமிடம் பல் பல்லாக இருக்கிறது” என்பதுதான் மனதை அறுக்கிறது. இரண்டு நிறத்தையும் கோக்காமல் நடுவே பிளவு விட்டு நெய்தால் கோடு கத்தியால் கீறியதுபோல் வரும், உண்மை. ஆனால் முதுகின் நடுவே, பாவு வாக்கில், 3 செ.மீ. பிளவு இருந்தால் கையை முன்னே நீட்டியதும் அது வாயைத் திறக்கும். பின்பக்கம் தைத்தாலும் இழுப்பு முழுதும் அந்த ஒற்றைத் தையலில் விழுந்து, பக்கத்துப் பாவு இழைகளைக் கோணலாக்கும். அதற்காகவே ஒவ்வொரு வரியிலும் இரண்டு நிற ஊடைகளையும் ஒன்றில் ஒன்று கொக்கியாகக் கோத்து வாங்குகிறார்கள். வேலை நகரவே நகராது. காஷ்மீரின் கனி சால்வையிலும் நிறங்கள் இப்படிக் கோத்துத்தான் நிற்கின்றன. அந்த உழைப்பைப் பிழை என்று எழுத எப்படி மனம் வந்தது?

“துணியாக நெய்து, பிறகு வெட்டித் தைக்கலாமே” என்றும் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். இந்த நெசவில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஊடை தனி. கத்தரி பட்ட இடத்தில் அத்தனை நுனியும் அவிழும். எகிப்தின் பழங்காலக் கிறிஸ்தவர்களான காப்டிக் மக்களின் அங்கிகளை ஒரு கையிலிருந்து மறு கை வரை தறியிலேயே ஒரே துண்டாக நெய்தார்கள். கழுத்து வளைவையும் கைக்குழியையும் தறியில் வைத்தே வடிவாக்குவது நேற்று வந்த பழக்கமல்ல. துணியைப் படமாக மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இதெல்லாம் படுவதில்லை.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பொம்மையில் மாட்டினாலும் போதாது, அது கையைத் தூக்காது. ஓர் ஆள் உடுத்தி, நடந்து, உட்கார்ந்து, இரு கையையும் முன்னே நீட்டட்டும். ஓர் உடைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மதிப்பெண்ணை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உடைக்கு நெய்பவர்கள்