வேலைக்கு வந்தவருக்கே நூறு பவுண்டு பில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு வாசகர், தான் வேலை செய்யும் இடத்தின் பார்க்கிங்கிலேயே தனக்குக் கட்டண நோட்டீஸ் வந்ததையும், எதற்கு வம்பு என்று உடனே கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதையும் எழுதி, மற்றவர்களும் அப்படியே செய்யுங்கள் என்று அறிவுரையும் சொல்லியிருந்தார். அவர் நிம்மதி அவருக்கு. ஆனால் அந்த அறிவுரையை அப்படியே விட எனக்கு மனமில்லை. இங்கிலாந்தில் நம் ஆட்கள் வேலை பார்க்கிற கிடங்கு, முதியோர் இல்லம், பிசினஸ் பார்க் என்று எங்கே விசாரித்தாலும் இப்போது இதே கதைதான். பயந்து கட்டுகிறவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது என்பது என் எண்ணம்.

எனக்கும் வந்தது. காரை மாற்றியதும் புது நம்பரை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கொடுத்தேன், பார்க்கிங் கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம் என்று அவர்களும் பதில் போட்டார்கள். கம்பெனிதான் அதை அனுமதி பெற்ற கார்களின் பட்டியலில் ஏற்றவில்லை. அப்புறம் வீட்டுக்கு ஒரு கடிதம். அதில் இரண்டு படங்கள், இரண்டும் கன்னங்கரேல் என்று இருந்தன. உள்ளே நுழையும்போது முன்பக்க வெள்ளை நம்பர் பிளேட், காலையில் வெளியே போகும்போது பின்பக்க மஞ்சள் பிளேட், அவ்வளவுதான் தெரிகிறது. கார் எங்கே நின்றது, அங்கே என்ன பலகை இருந்தது என்பதற்கெல்லாம் அதில் ஒன்றுமே இல்லை. இரவு முழுக்க அதே கட்டடத்துக்குள் வேலை செய்ததற்கு 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது கவுன்சிலோ போலீஸோ போடும் அபராதம் இல்லை. 'எங்கள் பலகையில் இருக்கிற நிபந்தனையை நீங்கள் மீறிவிட்டீர்கள், அதற்குப் பணம் கொடுங்கள்' என்று ஒரு தனியார் கம்பெனி அனுப்பும் பில். நம் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்றால், வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ ஒவ்வொரு விசாரிப்புக்கும் இரண்டரை பவுண்டு வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் இப்படிக் கேட்டு வாங்குகிறார்கள். 2012ல் வந்த ஒரு சட்டம் தனியார் இடங்களில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது, கூடவே காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் பணம் கேட்கும் வழியையும் இந்தக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமராவை மட்டும் வைத்துப் பிடித்திருந்தால், மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் வந்து சேர வேண்டும், அதில் சட்டம் சொல்கிற விவரங்களும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டியவரிடம்தான் கேட்க முடியும், அவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் மேல்முறையீட்டில் 'நான் நிறுத்தினேன்' என்று எழுதாமல், பதிவு பெற்றவர் என்ற முறையில் மட்டும் எழுதுங்கள். இது தந்திரமாக இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் அவர்களுக்குப் போட்ட நிபந்தனையை அவர்கள் நிறைவேற்றட்டும் என்கிறோம், இதில் தந்திரம் என்ன இருக்கிறது? (இந்த ஏற்பாடு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்.)

அடுத்து, கம்பெனியின் பதில் கடிதத்தில் தவறாமல் வருகிற மிரட்டல், 'சுப்ரீம் கோர்ட்டே எங்கள் பக்கம்' என்பது. 2015ல் வந்த பீவிஸ் வழக்கைச் சொல்கிறார்கள். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடை வளாகம், இரண்டு மணி நேரம் இலவசம், பீவிஸ் என்பவர் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாகக் காரை நிறுத்தியிருந்தார், 85 பவுண்டு கட்டச் சொன்னது சரி என்று தீர்ப்பு. ஆனால் ஏன் சரி என்றார்கள்? அடுத்தடுத்து வருகிற வாடிக்கையாளர்களுக்கு இடம் காலியாக வேண்டும், அதில் நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு நியாயமான அக்கறை இருக்கிறது, பலகைகளும் பெரிதாகத் தெளிவாக இருந்தன, அதனால். சரி, ஊழியர்களுக்கென்றே ஒதுக்கிய இடத்தில், நடு ராத்திரியில், முக்கால்வாசி காலியாகக் கிடக்கிற பார்க்கிங்கில், வேலைக்கு வந்த ஊழியரிடமிருந்து யாருக்காக அந்த இடத்தைக் காப்பாற்றுகிறார்கள்? அந்தக் கேள்வியை என் கடிதத்தில் அப்படியே எழுதினேன், அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

இதைவிட நமக்குப் பொருந்துவது ஜாப்சன் வழக்கு, 2016, ஆக்ஸ்ஃபோர்டு. அடுக்குமாடியில் குடியிருந்த பெண் ஒரு மேசையை இறக்குவதற்காக வாசலருகே சிறிது நேரம் காரை நிறுத்தியதற்குக் கட்டணம் கேட்டார்கள். சாமான் இறக்க நிற்பது பார்க்கிங்கே இல்லை என்றார் மேல்முறையீட்டு நீதிபதி, குடியிருப்பவருக்கு ஒப்பந்தப்படி ஏற்கெனவே இருக்கிற உரிமையைப் பின்னால் வந்த ஒரு கம்பெனி பலகை நட்டுப் பறித்துவிட முடியாது என்றும் சொன்னார். எல்லா நீதிபதிகளும் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் வேலை ஒப்பந்தத்திலோ சேரும்போது கொடுத்த கடிதத்திலோ 'பார்க்கிங் உண்டு' என்று ஒரு வரி இருந்தால், இந்த வழக்கையும் சேர்த்து எழுதுவதில் நஷ்டம் இல்லை.

எனக்கு உண்மையான கோபம் கம்பெனி மேல்கூட இல்லை. 'அது பார்க்கிங் கம்பெனி விஷயம், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று சொன்ன எங்கள் அலுவலகத்தின் மேல்தான். சம்பந்தம் இல்லாமல் அந்தக் கம்பெனி தானாக வந்து கம்பம் நட்டுக் கேமரா மாட்டிக்கொண்டதா? முதலாளியோ, கட்டட உரிமையாளரோ, கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜெண்டோ, யாரோ ஒருவர் கூப்பிட்டுத்தான் வந்தார்கள், கூப்பிட்டவர் சொன்னால் ரத்தும் செய்வார்கள். ஏஜெண்ட் யார் என்று கேட்டு வாங்கி, பழைய மின்னஞ்சலையும் இணைத்து எழுதினேன். ரத்தானது, ஒரே வரியில், மன்னிப்பு என்ற சொல் இல்லாமல். ஆகவே நோட்டீஸ் வந்தால் முதலில் மேனேஜரைப் பிடியுங்கள், வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் சம்பளத்தில் பிடிப்போம் என்று வேறு சொல்கிறார்களாம். ஒப்பந்தத்தில் இல்லாமலும் நீங்கள் முன்கூட்டியே எழுதிச் சம்மதிக்காமலும் அப்படிப் பிடிக்க 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தில் இடமில்லை.

ஏஜெண்ட் கைவிரித்தால் கம்பெனிக்கே மேல்முறையீடு, அவர்கள் மறுத்தால் 28 நாளுக்குள் பாப்லா, அதாவது ஒரு பார்க்கிங் சங்கத்துக் கம்பெனிகளுக்கான தனி மேல்முறையீட்டு அமைப்பு. சில கம்பெனிகள் வேறு பார்க்கிங் சங்கத்தில் இருக்கும், அவர்களுக்கு ஐஏஎஸ் என்று இதே போன்ற ஓர் அமைப்பு (நம்மூர் கலெக்டர் இல்லை). பாப்லாவுக்குச் செலவில்லை, அதன் முடிவு கம்பெனியைத்தான் கட்டுப்படுத்தும், உங்களை இல்லை. ஆனால் அங்கே போய்த் தோற்றால் 60 பவுண்டு சலுகை போய்விடும், முழுத் தொகையைத்தான் கேட்பார்கள். இடையில் கடன் வசூல் கம்பெனிகள் எழுபது பவுண்டைச் சேர்த்துச் சிவப்பு எழுத்தில் அனுப்பும் கடிதங்களுக்கு நடுங்க வேண்டாம், கோர்ட் தீர்ப்பு இல்லாமல் யாரும் வீட்டுக்கு வந்து பொருளை எடுக்க முடியாது. கோர்ட்டிலிருந்தே வழக்குப் படிவம் வந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 14 நாளுக்குள் பதில் போக வேண்டும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிறவர்கள் டிவிஎல்ஏவில் முகவரியை மாற்றிவிடுங்கள். பழைய வீட்டுக்குக் கடிதம் போய், உங்களுக்குத் தெரியாமலே தீர்ப்பாகி, ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது ஆறு ஆண்டு உங்கள் கடன் பதிவில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதுதான் தெரியவரும்.

எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்ய வருகிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் ஏஜென்சி மூலம் வருகிறவர், அதனால் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஏஜென்சியைக் கேட்டால் கட்டடத்தைக் கேள் என்கிறார்கள், கட்டடத்தைக் கேட்டால் ஏஜென்சியைக் கேள் என்கிறார்கள். நோட்டீஸ் வரவர அவர் யாரிடமும் சொல்லாமல் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், அன்றைய கூலியைவிட அது அதிகம். விஷயம் தெரிந்து பாப்லாவுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால், பணம் கட்டிய நோட்டீஸை அவர்கள் எடுத்துக்கொள்வதே இல்லை, கட்டினால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்காக ஏஜெண்டுக்கு எழுதியிருக்கிறோம், இனிமேல் அவர் நம்பரையும் பட்டியலில் ஏற்றச் சொல்லியிருக்கிறோம். புதிதாக வந்த ஒரு நோட்டீஸ் மட்டும் இன்னும் கட்டாமல் இருக்கிறது. அதற்கான மேல்முறையீட்டை இந்த வாரமே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
இரவு வேலை பார்க்கும் ஒரு வாசகர்