வாசித்தவர் பெயரையும் போடுங்கள்

பாட்டுச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் மகளுக்கு டெம்ப்டேஷன்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவின் ‘மை கேர்ள்’ போட்டேன். முதலில் பேஸ் கிதார் மட்டும், நெஞ்சுத் துடிப்பு மாதிரி. அதன்மேல் இன்னொரு கிதார் படிப்படியாக ஏறும், அப்படியே மோகன ராகத்தின் ஆரோகணம். “இதை யாருப்பா வாசிச்சது?” என்றாள். செயலியில் விவரப் பக்கத்தைத் திறந்தேன். பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் எல்லோரும் இருந்தார்கள். வாசித்தவர் யாரும் இல்லை.

பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன், கிதார் ராபர்ட் ஒயிட். இருவரும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தவர்கள். ஜேமர்சன் ஒற்றை ஆள்காட்டி விரலால்தான் கம்பியைச் சுண்டுவார். மோடவுன் தொடங்கியது 1959இல். தன் வாத்தியக்காரர்களின் பெயர்களை அது இசைத்தட்டு உறையில் அச்சிட்டது 1971இல், பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான்.

‘மை கேர்ள்’ போன்ற கறுப்பின அமெரிக்க இசைக்கே மரியாதையான பெயர் தாமதமாகத்தான் கிடைத்தது. கறுப்பின மக்களின் பாட்டுகளை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது ‘இன இசைத்தட்டுகள்’ என்று தனியே பட்டியல் போட்டுவந்த பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை, 1949இல் அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் சொன்னபடி அதை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ (சுருக்கமாக ஆர் அண்ட் பி) என்று மாற்றியது. பெயரிலேயே தாளம் முதலில் நிற்கிறது. தாளம் போட்டவர்களைத்தான் யாருக்கும் தெரியவில்லை.

டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைச் சத்தத்திலும் ரயில் சத்தத்திலும் தாளம் கேட்டு வளர்ந்தவர். 1969 நவம்பரில் சின்சினாட்டி நகரில் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பதிவானபோது டிரம்ஸில் அவர்தான். ஓரிடத்தில் மற்ற வாத்தியங்கள் நின்றுவிடும். சுமார் இருபது விநாடி அவர் கை மட்டும். பெரிய அடிகளுக்கு நடுவே, பட்டும் படாமலும் விழுகிற சின்னத் தட்டல்களைக் கவனியுங்கள், உயிரே அங்கேதான் இருக்கிறது. எண்பதுகளில், பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்க்கும் சாம்ப்ளர் கருவி பரவியதும் ராப்காரர்களும் ஆர் அண்ட் பி தயாரிப்பாளர்களும் அந்தத் துண்டை வெட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் ஒட்டினார்கள். பாட்டு பிரவுன் பெயரில் பதிவானதால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு ராயல்டி வரவில்லை. பணமும் தரவில்லை, பெயரும் போடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2017இல் காலமானார்.

ராயல்டிக்குச் சட்டம் மாற வேண்டும். சரி, அது உங்கள் கையில் மட்டும் இல்லை. பெயர் போடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. பழைய உறைகளும் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு ஒப்பந்தங்களும் பலவற்றுக்கு இன்னும் கிடைக்கின்றன. ஆள் போட்டுத் தேடுங்கள். ஜேமர்சன் என்று என் மகள் தட்டினால், அவர் வாசித்த பாட்டெல்லாம் வரிசையாக வர வேண்டும். ‘மை கேர்ள்’ பாட்டிலிருந்தே ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
மாதாமாதம் சந்தா கட்டும் ஒரு ரசிகன்