பில் தொகையை எங்கள் கடனாக்காதீர்கள்: மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உணவகம், துணிக்கடை, கார் ஷோரூம், பெட்ரோல் பங்க், வங்கிக் கிளை ஆகியவற்றுக்குச் சாதாரண வாடிக்கையாளரைப் போலச் சென்று, அங்கே கிடைத்த சேவையைப் பற்றி உங்களுக்கு அறிக்கை எழுதித் தரும் மிஸ்டரி ஷாப்பர்களில் நானும் ஒருத்தி. கோவையில் வசிக்கிறேன், பள்ளிக்குச் செல்லும் மகளும், இன்னும் பள்ளியில் சேராத மகனும் எனக்கு இருக்கிறார்கள். வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு மிகவும் ஏற்ற வேலை என்று உங்கள் விளம்பரங்கள் சொல்கின்றன. அந்தச் சொல் மெய்யாக வேண்டுமானால் சில நடைமுறைகள் மாற வேண்டும்.

இந்த வேலையை நான் மதிக்கிறேன். எந்தப் பணியை எடுப்பது, எதை விடுவது என்பதை நானே தீர்மானிக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த வாரம் எதையும் எடுக்காமல் இருக்கலாம். ஊழியர் முகம் பார்த்துப் பேசினாரா, கேட்காமலே பில் தந்தாரா, கழிப்பறை சுத்தமாக இருந்ததா, உணவு வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நாங்கள் எழுதுவதை வைத்துப் பல இடங்களில் ஊழியர்களின் ஊக்கத்தொகை கூட முடிவாகிறது. இன்னொருவரின் பிழைப்பைத் தொடும் அறிக்கை என்பதால், பிள்ளைகள் உறங்கிய பிறகு உட்கார்ந்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்ற கவனத்தோடுதான் எழுதுகிறோம்.

ஆனால் பணம் வரும் முறை எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரும் சுமையாக இருக்கிறது. கடையில் வாங்கும் பொருளுக்கும் சாப்பிடும் உணவுக்கும் முதலில் நாங்கள்தான் கைப்பணத்தைக் கொடுக்கிறோம். பில்லைப் படம் எடுத்து இணைத்து, அறிக்கையை அனுப்பி, உங்கள் சரிபார்ப்பாளர் கேட்கும் விளக்கங்களைக் கொடுத்து, உங்களுக்கு வேலை தந்த நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்ட பிறகே அந்தத் தொகை திரும்புகிறது. அதற்கு ஒரு மாதமும் ஆகிறது, இரண்டு மாதமும் ஆகிறது. மளிகைக்கும் பள்ளி வேனுக்கும் ஒதுக்கி வைத்த பணம் அத்தனை நாளும் உங்கள் கணக்கில் வட்டியில்லாக் கடனாக நிற்கிறது. எங்கள் உழைப்புக்கான கட்டணம் ஒப்புதலுக்காகக் காத்திருக்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. பில் தொகை அப்படிக் காத்திருக்கக் கூடாது. அறிக்கை வந்த ஏழு நாட்களுக்குள் அதைத் தனியாகத் திருப்பித் தாருங்கள்.

நிராகரிப்பு இதைவிடக் கொடியது. பில்லில் நேரம் தெளிவாக அச்சாகவில்லை என்பதற்காக என் தோழி ஒருவரின் முழு அறிக்கையும் தள்ளப்பட்டது. மங்கிய அச்சுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? கட்டணத்தோடு, குடும்பமே சாப்பிட்ட பில் தொகையும் அவருக்கு வரவில்லை. பொய்யாக எழுதப்பட்ட அறிக்கைக்கு ஒரு பைசாவும் தர வேண்டாம். உண்மையாகச் சென்று வந்ததற்குச் சான்று இருந்து, ஓரிரு விவரங்கள் மட்டும் விடுபட்டிருந்தால், பில் தொகையை முழுமையாகவும் கட்டணத்தில் ஒரு பங்கையும் தருவதே நியாயம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதியம் 1 மணி முதல் 3 மணிக்குள் செல்ல வேண்டும், அன்றிரவே அறிக்கை வர வேண்டும், பிள்ளைகளை உடன் அழைத்து வரக் கூடாது என்ற நிபந்தனைகள், பணியை ஏற்ற பிறகு வரும் வழிகாட்டுக் குறிப்பில்தான் பல சமயம் தெரிய வருகின்றன. வங்கிக் கிளைக்கும் கார் ஷோரூமுக்கும் தனியாகச் செல்லச் சொல்வது எனக்குப் புரிகிறது. குடும்பங்களை நம்பி நடக்கும் உணவகத்துக்குப் பிள்ளையோடு வரும் தாயைவிட இயல்பான வாடிக்கையாளர் யார்?

மோசடி ஆட்களும் உங்கள் தொழிலின் பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். போலிக் காசோலையை அனுப்பி, அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்லும் மிஸ்டரி ஷாப்பிங் மோசடி பற்றி அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் அது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வருகிறது: ஹோட்டலுக்கு மதிப்பெண் போடச் சொல்லிச் சிறு தொகை தருவார்கள், பிறகு பெரிய பணிக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். நீங்களும் அதே வாட்ஸ்அப் குழுக்களில்தான் ஆள் எடுக்கிறீர்கள். ஒரு தாய் எதை நம்புவாள்? பதிவுக் கட்டணமோ வைப்புத்தொகையோ வாங்குவதில்லை என்பதையும், உங்கள் ஒருங்கிணைப்பாளர்களின் எண்களையும் உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள்; ஏமாந்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930 என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020, வழக்கமான முதலாளி, தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்துப் பொருளீட்டுபவரைக் கிக் தொழிலாளர் என்று வரையறுக்கிறது. எங்களோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தமும் அத்தகைய உறவையே சொல்கிறது. ஆகவே ஆண்டுக்கொரு முறை, நாங்கள் முடித்த பணிகளையும் பெற்ற தொகையையும் காட்டும் சான்று ஒன்றைத் தாருங்கள். நலத்திட்டத்தில் பதியும்போதும் வங்கிக்குச் செல்லும்போதும் காட்ட எங்களிடம் வேறு தாள் எதுவும் இல்லை.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க இயலாது என்பதை அடுத்த பணி அறிவிப்பிலேயே தமிழில், எழுத்தில் தெரிவியுங்கள். அதைப் படித்த பிறகு அந்தப் பணியை எடுப்பதா, விடுவதா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு மிஸ்டரி ஷாப்பர்